உஷார்! கேம் ஓடுகிறதே என்று நம்பிவிடாதீர்கள்

கையை எடுங்கள். மவுஸை விடுங்கள்.

இன்றைக்கு ராத்திரி ஸ்கைரிம் கேமில் புதுசாக ஒரு மாட், அதாவது கேமை மாற்றுகிற ஃபைல், சேர்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறீர்களா? டவுன்லோடு முடிந்து, டிக் அடிக்க வேண்டியதுதான் பாக்கியா? அடிக்காதீர்கள். முதலில் இதைப் படித்துவிடுங்கள். அந்த மாட் எங்கேயும் ஓடிப்போகாது. ஆனால் மாதக்கணக்கில் நீங்கள் வளர்த்து வைத்திருக்கும் கேரக்டர் போய்விடும். போனால் வராது.

சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். பயப்பட வேண்டிய விஷயம்தான் இது. மாட் போடும் பிள்ளைகளில் பலருக்கு ஒன்று தெரிவதே இல்லை. ஆபத்து மாட்டில் மட்டும் இல்லை. எந்த மாட்டுக்குப் பிறகு எந்த மாட் ஏறுகிறது என்கிற வரிசையிலும் இருக்கிறது. லோட் ஆர்டர் என்கிறார்களே, அது. வரிசை தப்பினால் கேம் அன்றைக்கே படுத்துவிட்டால்கூடத் தேவலை, எங்கே தப்பு என்று தெரிந்துவிடும். பல நேரம் அப்படிப் படுக்காது. ஓடும். நன்றாகவே ஓடும். உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே ஓடும்.

அறந்தாங்கிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸ், கடைசி வருஷம். தினமும் பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போய் வருகிறவன். செகண்ட் ஹேண்டில் கிராபிக்ஸ் கார்டு வைத்த லேப்டாப் ஒன்று வாங்கியிருந்தான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவனும் பள்ளிக்கூடம் போகும் தங்கச்சியும் ஸ்கைரிம் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். விளையாடுவது அவன். எங்கே போகலாம், யாரோடு சண்டை போடலாம் என்பதெல்லாம் அவள். கேரக்டரின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்ததும் அவள்தான். "மூக்க இன்னும் கொஞ்சம் சின்னதா வைய்யிண்ணே" என்று ஒரு ராத்திரி முழுக்க அந்த முகத்துக்கே போனதாம்.

முப்பது நாற்பது மாட் வரைக்கும் பிரச்சினை இல்லை. ஒரு சனிக்கிழமை ராத்திரி யாரோ போட்ட வீடியோ ஒன்றைப் பார்த்தான். நகரங்களை விரிவாக்குகிற மாட், மழை மேகத்தை மாற்றுகிற மாட், ஊர்க்காரர்களின் முகத்தை அழகாக்குகிற மாட் இரண்டு, சண்டை முறையை மாற்றுகிற மாட் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சேர்த்தான். பழையதில் பிடிக்காத நாலைந்தை எடுத்தும் விட்டான். சார்ட் பட்டனை அமுக்கினான். பட்டியல் தானாக இடம் மாறி அடுக்கிக்கொண்டது. வேலை முடிந்தது என்று பழைய சேவைத் திறந்தான்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. இந்த சேவுக்கு வேண்டிய சில சரக்குகள் இப்போது இல்லை, சில பொருட்கள் கிடைக்காமல் போகலாம், தொடரவா என்று கேட்டது.

எஸ் அமுக்கினான்.

அந்த ஒரு எஸ்.

கேம் திறந்தது. வைட்ரன் நகரம் ஜொலித்தது. தங்கச்சி கைதட்டினாளாம். பத்து நாள் போல ஆடினார்கள். நடுவில் ஒரு கடைக்காரியின் முகம் மட்டும் கரிபூசியதுபோல் இருந்தது, கழுத்து வேறு நிறம். கூட வருகிற தோழன் ஒருநாள் சுவரைப் பார்த்து நடந்துகொண்டே நின்றான். இருவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு ஒருநாள் வைட்ரன் கதவைத் திறந்ததும் கேம் அப்படியே மூடிக்கொண்டது. மறுபடி. மறுபடி. எந்த சேவைத் திறந்தாலும் அந்தக் கதவில் செத்தது. இடைப்பட்ட நாளெல்லாம் எஃப் 5 தட்டியே சேவ் செய்திருந்தான். அது ஒரே இடத்தில் மேலே மேலே எழுதிக்கொண்டிருக்கும். நல்ல சேவ் ஒன்றுகூட மிச்சம் இல்லை.

இதோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். லேப்டாப்தான் கெட்டுவிட்டது, கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று நினைத்தான். டவுனில் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போனான். ஃபார்மட் அடித்துப் பார்க்கலாம் என்றார்கள். சரி என்றான். சேவ் ஃபைல்களை மட்டும் மறக்காமல் பெண்டிரைவில் எடுத்துக்கொண்டான். டெஸ்க்டாப்பில் கிடந்த காலேஜ் புராஜெக்ட் நினைவுக்கு வரவில்லை.

புராஜெக்ட் போனது.

வீட்டுக்கு வந்து கேமை மறுபடி ஏற்றி, அதே மாட்களைப் போட்டு, பெண்டிரைவில் இருந்த சேவைத் திறந்தான். அதே கதவு. அங்கேயே செத்தது. லேப்டாப்பில் ஒரு கோளாறும் இருக்கவில்லை.

இனி கவனமாகக் கேளுங்கள். ஏன் இப்படி ஆகிறது?

ஸ்கைரிம் 2011 நவம்பர் 11-இல் வந்தது. 2016 அக்டோபரில் வந்த ஸ்பெஷல் எடிஷன்தான் இப்போது பெரும்பாலும் மாட் போடப் பயன்படுவது. அந்தக் கேமுக்குள் இருக்கிற ஒவ்வொரு மனிதனும், வாளும், கதவும், மரமும் ஒரு ரெக்கார்டு. மாட் என்பது அந்த ரெக்கார்டை மாற்றி எழுதுகிற ஃபைல். இரண்டு மாட்கள் ஒரே ரெக்கார்டைத் தொட்டால் என்ன ஆகும்? ஒரு பெரியவர் மூன்று உயில் எழுதி வைத்துவிட்டுப் போனால் கடைசியாக எழுதியதுதான் செல்லும், முன்னால் எழுதியதில் என்ன நல்லது இருந்தாலும் கணக்கில்லை. இங்கேயும் அதே சட்டம். கடைசியில் ஏறுகிற மாட் ஜெயிக்கும். முன்னால் ஏறியது அந்த ரெக்கார்டைப் பொறுத்தவரை இல்லாததுபோல ஆகிவிடும்.

இரண்டையும் கேம் கலந்துகொள்ளாது. இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாட் கடைக்காரியின் முகத்தை மட்டும் மாற்றுகிறது, இன்னொன்று அவள் உடையை மட்டும் மாற்றுகிறது, வேறு வேறு விஷயம்தானே, இரண்டும் ஒத்துப்போகும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஒத்துப்போகாது. உடை மாட் பின்னால் ஏறினால் அவளுடைய மொத்த ரெக்கார்டும் அதிலிருந்துதான் வரும். முகம் பழையபடி ஆகிவிடும். இரண்டும் வேண்டும் என்றால் அந்த இரண்டையும் இணைக்கிற பேட்ச் என்று ஒரு மூன்றாவது ஃபைல் வேண்டும். அந்தப் பேட்ச் இரண்டுக்கும் பின்னால் ஏற வேண்டும். முன்னால் போட்டால் போட்டும் பயனில்லை.

அப்படியானால் அந்தக் கருத்த முகம்? அது இன்னும் மோசமான அடையாளம். நிறையப் பேருக்குத் தெரியாத இரண்டாவது வரிசை ஒன்று இருக்கிறது.

வரிசை ஒன்று இல்லை. இரண்டு.

மாட்களை ஏற்றி அடுக்குகிற மாட் ஆர்கனைசர் 2 வைத்திருப்பவர்கள் திரையைப் பாருங்கள். வலது பக்கம் இருப்பது பிளகின் வரிசை, அதாவது ரெக்கார்டுகளை எழுதும் ஃபைல்களின் வரிசை. இடது பக்கம் இருப்பது படங்கள், உருவங்கள், ஒலிகள், ஸ்கிரிப்டுகளின் வரிசை. இரண்டிலும் கீழே இருப்பதுதான் ஜெயிக்கும். ஆனால் இரண்டும் தனித்தனி. வலது பக்கத்தில் ஒரு முக மாட் ஜெயித்து, இடது பக்கத்தில் வேறொரு முக மாட்டின் படம் ஜெயித்தால், எழுத்து ஒருவருடையது, முகம் வேறொருவருடையது. அப்போதுதான் அந்தக் கரிபூசிய முகம் வரும். சார்ட் பட்டனை அமுக்கினால் லூட் என்கிற கருவி வலது பக்கத்தை மட்டும்தான் அடுக்கும். இடது பக்கத்தைத் தொடவே தொடாது. சார்ட் அடித்துவிட்டேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இடது பக்கத்தில் மின்னல் மாதிரி ஒரு சின்னம் தெரியும். பச்சைக் கூட்டல் குறி இருந்தால் அந்த மாட் வேறொன்றின் ஃபைலை மூடுகிறது. சிவப்புக் கழித்தல் குறி இருந்தால் அதன் ஃபைலை வேறொன்று மூடுகிறது. மின்னலைப் பார்த்தாலே பதற வேண்டாம். ஆனால் எது எதை மூடுகிறது என்று தெரியாமல் இருப்பது, அதுதான் பதற வேண்டியது.

லூட்டைக் குறை சொல்லவில்லை. நல்ல கருவி, இலவசம். அது அடுக்கி முடித்ததும் ஒவ்வொரு மாட்டுக்குப் பக்கத்திலும் குறிப்பு எழுதி வைக்கும்: இதற்கு வேண்டிய இன்னொரு ஃபைல் இல்லை, இதுவும் அதுவும் சேராது, இதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று. நம் பிள்ளைகள் அடுக்குவதை மட்டும் வாங்கிக்கொண்டு குறிப்பைப் படிக்காமல் மூடிவிடுகிறார்கள். மருந்துச் சீட்டைத் தந்த பிறகு டாக்டர் சொல்வதைக் கேட்காமல் எழுந்து வரலாமா? சிவப்பில் ஒரு வரி இருந்தால்கூட கேமைத் திறக்காதீர்கள்.

இன்னொரு குழப்பம். இது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் நேரும் என்று பயப்படுகிறேன். இங்கே பல பேருக்கு மாட் என்றாலே முதலில் அறிமுகமாவது பஸ்தான். இந்தோனேசியாக்காரர்கள் 2017-இல் விட்ட பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவில் நம்மூர் பஸ்ஸின் நிறத்தையும் பெயரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுவதில் ஆரம்பித்து, யூரோ டிரக் சிமுலேட்டர் 2-க்கு வருகிறார்கள். அதிலே மாட் பட்டியலில் மேலே இருப்பதுதான் ஜெயிக்கும். ஸ்கைரிமில் தலைகீழ். கீழே இருப்பதுதான் ஜெயிக்கும். டிரக்கில் பழகிய கை, முக்கியமான மாட்டை ஸ்கைரிமில் மேலே கொண்டுபோய் வைக்கும். வைத்த அந்த நிமிஷமே அது தோற்றுப்போகும். ஒரு கேமில் கற்றதை இன்னொரு கேமுக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். இதே ஸ்கைரிம் குடும்பத்தில் 2002-இல் வந்த மோரோவிண்டிலும் 2006-இல் வந்த ஆப்லிவியனிலும் வரிசை என்பது ஃபைலின் தேதியை வைத்து அமைந்தது. பழைய வழிகாட்டி ஒன்றைப் படித்துவிட்டு அதை இப்போதைய கேமில் செய்து பார்க்கிறவர்களும் உண்டு. வேண்டாம்.

ஆபத்து வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சொல்கிறேன், ஒவ்வொன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மெயின் மெனுவே வராமல் கேம் மூடிக்கொண்டால் பெரும்பாலும் ஒரு மாட்டுக்கு வேண்டிய மூல ஃபைல் இல்லை என்று அர்த்தம். மாஸ்டர் என்பார்கள். இது பயங்கரமாகத் தெரியும், ஆனால் இருப்பதிலேயே சாது இதுதான். சேவ் இன்னும் திறக்கவில்லை, அதனால் எதுவும் கெடவில்லை. இல்லாத ஃபைலைப் போடுங்கள், சரியாகிவிடும்.

முகம் ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம். இதை மேலேயே சொல்லிவிட்டேன். சிரித்துவிட்டுப் போகாதீர்கள்.

கூட வருகிற ஆள் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்கிறானா? சுவரை முட்டிக்கொண்டு நடக்கிறானா? ஆட்கள் எங்கே நடக்கலாம் என்று தரையில் ஒரு கண்ணுக்குத் தெரியாத வலை விரித்திருப்பார்கள், நேவ்மெஷ் என்று பெயர். இரண்டு மாட்கள் ஒரே தெருவின் வலையை மாற்றினால் ஒன்று தோற்கும். தோற்ற மாட்டின் வீடு தெருவில் நிற்கும், ஆனால் அந்த வீட்டுக்கு வழி இருக்காது. சில மாட்கள் அந்த வலையின் துண்டை அழித்தே விட்டிருக்கும். அங்கே வேறொரு மாட் அந்தத் துண்டைத் தேடினால் கேம் சாகும். நகரத்து வாசலில், பாலத்தில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மூடிக்கொள்கிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

வீட்டுக்கு நடுவே மரம் முளைத்திருக்கும். படிக்கட்டு அந்தரத்தில் நிற்கும். ஊரை மாற்றுகிற மாட் இரண்டு போட்டதன் கூலி அது.

சத்தமே இல்லாத அடையாளம் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். புது ஆயுத மாட் ஒன்று போட்டிருப்பீர்கள். நாள்கணக்கில் ஆடியும் அந்த ஆயுதம் ஒரு பெட்டியிலும் கிடைக்காது, ஒரு எதிரி கையிலும் இருக்காது. யார் கையில் எது, எந்தப் பெட்டியில் எது என்று பங்கு போடும் பட்டியல்கள் கேமுக்குள் இருக்கின்றன. பத்து மாட்கள் அந்தப் பட்டியலைத் தொட்டால் கடைசி மாட்டின் பட்டியல் மட்டும் மிஞ்சும், மற்ற ஒன்பதும் வீண். உங்களுக்கு எதுவும் உடைந்ததாகத் தெரியாது. ரை பேஷ் என்ற கருவியால் பேஷ்டு பேட்ச் என்று ஒன்று செய்து அந்தப் பட்டியல்களைச் சேர்த்துக்கொள்ளலாம். மாட்களைச் சேர்த்தாலோ எடுத்தாலோ அந்தப் பேட்சை மறுபடி செய்ய வேண்டும். பழையதை அப்படியே விட்டுவைப்பது, இல்லாததைவிடக் கெடுதல்.

குவெஸ்ட் ஒன்று நகராமல் நின்றுபோகிறதா? பேச வேண்டியவன் பேசவில்லையா? சேவ் திறக்க முன்னைவிட நெடுநேரம் பிடிக்கிறதா? உடனே நிறுத்துங்கள். மாட்டை எடுத்துவிட்டால் அது போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். போகவில்லை. ஸ்கிரிப்டு வைத்து ஓடுகிற மாட்களின் தடயம் சேவ் ஃபைலுக்குள்ளேயே தங்கிவிடும். ஆள் இல்லாத வீட்டில் அந்த ஸ்கிரிப்டு யாரையோ தேடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே பாதி ஆட்டத்தில் மாட்டை எடுக்காதீர்கள். படம், நிறம், மேகம் மாற்றுகிறவற்றை எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். கதை, ஆட்கள், ஊர், சண்டை முறை, இவற்றில் கை வைக்காதீர்கள். கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் புது ஆட்டம் தொடங்குங்கள். கேட்க வலிக்கும். தெரியும்.

எத்தனை மாட் வரை போடலாம் என்று கேட்பார்கள். ஸ்பெஷல் எடிஷனில் சாதாரண பிளகின் 254 வரைக்கும்தான் இடம். அதில் கேமின் சொந்த ஃபைல்களே ஐந்து போய்விடும். லைட் என்று குறிக்கப்பட்ட சிறு பிளகின்கள் தனி, அவை 4096 வரை போகும். ஆனால் இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பாதீர்கள். ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் அது எந்த ஊரை, எந்த ஆளைத் தொடுகிறது என்று அந்த மாட்டின் விளக்கத்தைப் படியுங்கள். செய்தவரே எங்கே வைக்க வேண்டும் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார். பிழை திருத்துகிற அன்அபிஷியல் பேட்ச் மேலே, கேமின் சொந்த ஃபைல்களை ஒட்டி இருக்க வேண்டும். வேறு இடத்தில் கதையைத் தொடங்க வைக்கிற ஆல்டர்நேட் ஸ்டார்ட் மாட்டைக் கடைசிப் பக்கமாக வைக்கச் சொல்லியிருப்பார்கள். அதை மீறாதீர்கள்.

இன்னொரு எதிரி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டோ அப்டேட்!

நல்ல வரிசை, நல்ல சேவ், எல்லாம் சரி. ராத்திரி ஸ்டீம் தானாகக் கேமைப் புதுப்பித்துவிடும். காலையில் எதுவும் ஓடாது. பெரிய மாட்களில் பல எஸ்.கே.எஸ்.இ. என்கிற நீட்டிப்பை நம்பி நிற்கின்றன. அது கேமின் குறிப்பிட்ட பதிப்புக்கு மட்டும்தான் பொருந்தும். 2021 நவம்பரில் பத்தாவது ஆண்டுப் பதிப்பு வந்தபோது உலகம் முழுக்க மாட் போட்டவர்களின் கேம் இப்படித்தான் நின்றது. 2023 டிசம்பரில் மறுபடி. ஃபால்அவுட் 4 கேமுக்கு 2024 ஏப்ரல் 25-இல் வந்த அப்டேட்டால், வருஷக்கணக்கில் உழைத்த ஃபால்அவுட் லண்டன் மாட் குழுவே வெளியீட்டைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அந்த மாட் ஜூலை 25-இல்தான் வந்தது. அவர்களுக்கே அந்த நிலை. ஸ்டீமில் கேமின் பிராப்பர்ட்டீஸுக்குப் போய், நான் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய் என்று மாற்றி வையுங்கள். பிறகு ஸ்டீம் பட்டன் வழியாகத் திறக்காமல், மாட் ஆர்கனைசருக்குள்ளிருந்து எஸ்.கே.எஸ்.இ. வழியாகத் திறங்கள்.

பெண்டிரைவில் நண்பன் கொடுத்த கேமா? அது எந்தப் பதிப்பு என்று அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வரிசை எவ்வளவு சரியாக வைத்தாலும் அடித்தளமே ஆடும். அதோடு நிற்காது. மாட் என்று சொல்லி வைரஸ் வந்த கதைகள் உண்மை. 2015 மே மாதம் ஜி.டி.ஏ. 5-க்கு வந்த ஆங்ரி பிளேன்ஸ் என்ற மாட்டுக்குள் கீபோர்டில் தட்டுவதைத் திருடுகிற நிரல் ஒளிந்திருந்தது. 2023 டிசம்பர் 25-இல் ஸ்லே த ஸ்பயர் கேமின் டவுன்ஃபால் விரிவாக்கத்தை உருவாக்கியவர்களின் கணக்கையே கைப்பற்றி, அப்டேட் என்ற பெயரில் பாஸ்வேர்டு திருடுகிற நிரலை அனுப்பினார்கள். அம்மாவின் வங்கிக் கணக்கு அதே லேப்டாப்பில் திறந்திருக்கிறதா? யோசியுங்கள். மாட் போடச் சொல்லும் ஃபைல் ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கரண்ட்! இதை யாரும் சொல்வதில்லை. டெஸ்க்டாப்பில் யு.பி.எஸ். இல்லாமல் ஆடுகிற பிள்ளைகள், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் உங்கள் துணை மின் நிலையத்தின் பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேவ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த சேவ் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். மாட்டை விரித்து எழுதும்போது போனாலும் அப்படித்தான்.

சரி, எப்படித்தான் போடுவது என்கிறீர்களா?

ஒன்று போடுங்கள். கேமைத் திறங்கள். அந்த மாட் தொடுகிற ஊருக்கே போய்க் கொஞ்ச நேரம் சுற்றுங்கள். வெளியே வந்து உள்ளே போங்கள். சரியாக இருந்தால்தான் அடுத்தது. அதற்கு முன்பு சேவ் ஃபோல்டரைக் காப்பி எடுங்கள். டாக்குமென்ட்ஸுக்குள் மை கேம்ஸ், அதற்குள் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன், அதற்குள் சேவ்ஸ். ஒவ்வொரு சேவுக்கும் இரண்டு ஃபைல் இருக்கும், ஒன்று கேமுடையது, இன்னொன்று எஸ்.கே.எஸ்.இ.யுடையது. ஒரே பெயரில் ஜோடியாக இருக்கும். ஒன்றை மட்டும் காப்பி எடுத்தால் பாதிதான் மிஞ்சும். எஃப் 5-ஐ மட்டும் நம்பாதீர்கள், மெனுவில் போய்ப் புதுப் பெயரில் அவ்வப்போது சேவ் செய்யுங்கள்.

மாட் ஆர்கனைசரில் புரொஃபைல் என்று ஒரு வசதி இருக்கிறது. சோதனைக்கென்றே தனிப் புரொஃபைல் ஒன்று வையுங்கள், சேவ்களையும் அந்தப் புரொஃபைலுக்குத் தனியாக வைக்கும்படி டிக் போட்டுக்கொள்ளுங்கள். கூத்தெல்லாம் அங்கே நடக்கட்டும். உங்கள் நிஜ ஆட்டம் இருக்கும் புரொஃபைலின் வரிசையை, ஆட்டம் முடியும்வரை தொடாதீர்கள். எஸ்.எஸ்.இ. எடிட் என்று ஒரு கருவி இருக்கிறது, எந்த ரெக்கார்டை எத்தனை மாட் தொடுகிறது, யார் ஜெயிக்கிறார்கள் என்று நிறம் போட்டுக் காட்டிவிடும். முதலில் மிரட்டும். ஒரு கடைக்காரியின் ரெக்கார்டை மட்டும் திறந்து பாருங்கள், புரிந்துவிடும். ஆனால் பார்ப்பதற்கு மட்டும். அர்த்தம் தெரியாமல் எதையும் அதில் மாற்றிச் சேமிக்காதீர்கள்.

ஏற்கெனவே எஸ் அமுக்கிவிட்டீர்களா? அடையாளங்கள் தெரிய ஆரம்பித்துவிட்டனவா? இப்போதே கேமை மூடுங்கள். சேவ் செய்யாமல் மூடுங்கள். எந்த நாள் மாட்டை மாற்றினீர்கள் என்று யோசித்து, அதற்கு முந்தைய தேதியில் ஒரு சேவ் இருக்கிறதா என்று ஃபோல்டரில் தேடுங்கள். இருந்தால், அன்றைக்கு இருந்த மாட்களை அன்றைய வரிசையிலேயே வைத்துவிட்டு அதைத் திறங்கள். எச்சரிக்கைப் பெட்டி வரவில்லை என்றால் பிழைத்தீர்கள். வந்தால் நோ அமுக்குங்கள். எந்த மாட் குறைகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் மறுபடி. பழைய சேவே இல்லை என்றால் அந்தக் கேரக்டரை நீட்டி ஆடாதீர்கள். ரேஸ்மெனு மாட் வைத்திருந்தால் முகத்தை மட்டும் பிரிசெட்டாக எடுத்து வைத்துக்கொள்ளலாம், புது ஆட்டத்தில் அதே முகத்தோடு தொடங்கலாம்.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பையனோ பெண்ணோ, லேப்டாப் கெட்டுப்போச்சு, கேம் நின்றுநின்று போகுது என்று வந்து நின்றால் திட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு மாட்கூட இல்லாமல், புது ஆட்டமாக ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கட்டும். ஓடினால் பெரும்பாலும் கோளாறு லேப்டாப்பில் இல்லை, வரிசையில். கடைக்குக் கொண்டுபோகத் தேவையே இருக்காது. அப்படியும் கொண்டுபோக வேண்டி வந்தால், டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூன்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். காப்பியைத் திறந்து, படிப்பு ஃபைல்கள் உள்ளே இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அதற்குப் பிறகு ஃபார்மட்டுக்குச் சரி சொல்லுங்கள்.